"நீயே போய்ப் படி"

கேள்வி: அக்கா, என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-க்கு 181.5. ரிசல்ட் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்த மார்க்கில் சீட் நின்றது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர், "எது கிடைக்குதோ அதுல சேரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார். மகனோ நேற்று, "உனக்கு அவ்வளவு ஆசைன்னா நீயே போய்ப் படி" என்று சொல்லிவிட்டான். நான் மட்டும் ஏன் இப்படி ஆகிவிட்டேன்?
- ஒரு தாய், வாடிப்பட்டி

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் ஆறு பக்கம். மேலே இருப்பது சுருக்கம்தான். அந்த நோட்டைப் பற்றி மட்டுமே ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஓ.சி.க்குக் கறுப்பு மை, பி.சி.க்கு நீலம், எம்.பி.சி.க்குப் பச்சை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படி ஒரு நோட்டு போட்டவள்தான்.

2014-ல், என் இளைய மகளுக்காக. அப்போதெல்லாம் கவுன்சலிங்குக்கு நேரில் போக வேண்டும், கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. 2018-லிருந்துதான் ஆன்லைன். மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் சென்னையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். எந்தக் கல்லூரியில் எந்தக் கோர்ஸில் எத்தனை சீட் மிச்சம் என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் குறித்து வைத்திருந்த இடத்தில் 6. மகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் 5. அது 3 ஆனபோது எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பக்கத்தில் தேனிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மஞ்சப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். முருகனைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு அந்த சீட் கிடைத்தது. இப்போது அவள் அந்தப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் இருக்கிறாள், நன்றாகவும் இருக்கிறாள். அன்றைக்கு அந்த 3, பூஜ்யம் ஆகியிருந்தாலும் இங்கேதான் வந்திருப்பேன் என்கிறாள். இருக்கலாம்.

சரி, ஏன் இப்படி ஆகிறோம்? கௌரவம் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அதுவும் கொஞ்சம் உண்டுதான். நம் ஊரில் சித்திரைத் திருவிழாவும் ரிசல்ட்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். அழகரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மோர்ப் பந்தலில் நின்றுகொண்டே "பையன் என்ன கட்-ஆஃப்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக யாரும் மூன்று மணிக்கு எழுந்து உட்கார மாட்டார்கள்.

இது பழைய பயம். நாம் படித்த காலத்தில் சீட் கிடைப்பதே பெரும்பாடு. பிளஸ் டூ மார்க் போதாதென்று நுழைவுத் தேர்வு வேறு. அதை 2007-ல்தான் எடுத்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் 400-க்கும் மேல் பொறியியல் கல்லூரிகள். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் சீட் காலியாகவே கிடக்கிறது. கிடைக்குமா என்ற கேள்வி போய் எது என்ற கேள்வி வந்துவிட்டது, ஆனால் பயம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதோடு, பிள்ளை நாளைக்கு எப்படி இருப்பான், யாரோடு சேருவான், நம்மை நினைப்பானா என்பதற்கெல்லாம் மார்க் கிடையாது. கட்-ஆஃபுக்கு உண்டு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, புள்ளிக்கு அப்புறமும் ஒரு எண். கையில் ஒரு கணக்கு கிடைத்தால் மனசு அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

இவ்வளவும் எல்லாப் பெற்றோருக்கும் உள்ளது. உங்களுக்கு இன்னொன்று இருக்கிறது. கடிதத்தின் நாலாம் பக்கத்தில், கவுன்சலிங் கட்டணத்தைப் பற்றி எழுதுகிற இடத்தில், நடுவே ஒரு வரி: "1996-ல் நான் 942 மார்க். டோக் பெருமாட்டி கல்லூரி ஃபாரம்கூட வாங்கி வைத்திருந்தேன், தினமும் பஸ்ஸில் போய் வருவது சரிப்படாது என்று அப்பா சொல்லிவிட்டார்." அதற்கடுத்த வரியில் மறுபடியும் மகனின் ஃபாரம். வாடிப்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவே பஸ்ஸுக்கா பஞ்சம்! உங்கள் அப்பாவை இப்போது குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஆனால் ஆறு பக்கத்தில் அந்த ஒரு வரியை எழுதும்போதுதான் உங்கள் கையெழுத்து கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது.

மகன் விஷயத்துக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப்போகிறவருக்குத் தருகிற முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள், கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. விருப்பப் பட்டியலில் எத்தனை இடம் வேண்டுமானாலும் போடலாம். அதனால் இது கிடைக்கும், இது கிடைக்காது என்று ஊகித்து வரிசையை மாற்றாமல், அவனுக்கு எது முதலில் பிடிக்கிறதோ அதையே முதலில் போடச் சொல்லுங்கள். வரிசையை அவன் போடட்டும். உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுங்கள். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்பான், பாருங்கள்.

அப்புறம் அவன் சொன்ன அந்தப் பேச்சு. கோபத்தில் சொன்னதுதான், ஆனால் யோசனை ஒன்றும் மோசமில்லை. வீட்டிலிருந்தே படிக்கிற ஐக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இளங்கலையில் சேர வயது வரம்பு கிடையாது. ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு முறை சேர்க்கை, மதுரையிலேயே மண்டல மையம் இருக்கிறது. கடையைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம். (மகனுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நீங்கள் பட்டம் வாங்குங்கள், வரிசை முக்கியம்!) சேர்வதற்குப் பிளஸ் டூ மார்க் ஷீட் கேட்பார்கள். 1996-ல் வாங்கியது எந்தப் பெட்டியில், எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?