கட்டிங் மாஸ்டர் துணியில் கை வைக்கும் முன்

கேள்வி: அக்கா, சரவணம்பட்டியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு உற்பத்திக் கணக்கு பார்க்கும் மென்பொருள் எழுதித் தருகிறோம். ஆறு மாதம், இவ்வளவு தொகை, இன்னின்ன வசதிகள் என்று 140 பக்க ஒப்பந்தத்தில் எங்கள் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். என் குழுவோ அஜைல் முறையில், அதாவது கொஞ்சம் செய்து காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்தி, இரண்டு வாரச் சுற்றுகளாக வேலை செய்கிறது. திங்கட்கிழமை தவறாமல் "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்கிறார் முதலாளி. "அஜைலில் சதவீதமெல்லாம் கிடையாது" என்கிறார்கள் பையன்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளமாக இருக்கிறேன்.
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோவை)

பதில்: மத்தளத்துக்குச் சம்பளம் கிடையாது தம்பி, உங்களுக்கு உண்டு. இந்த இரண்டு அடியையும் வாங்கத்தான் அந்தச் சம்பளமே.

முதலில் பையன்களைக் கவனிப்போம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். 'திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதை அதிகம் மதிக்கிறோம்' என்று அதில் இருக்கிறது. திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கையின் கடைசி வரி சொல்கிறது. அந்த வரிக்கு வருவதற்குள் பலருக்கும் தூக்கம் வந்துவிடுகிறது.

முதலாளியின் சதவீதத்திலும் சாரம் இல்லை. மென்பொருளில் 'தொண்ணூறு சதவீதம் முடிந்தது' என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். மீதி பத்து எவ்வளவு பெரியது என்று தெரியாதபோதுதான் அப்படிச் சொன்னேன்.

எதைத் திட்டம் போட்டுப் பூட்டுவது, எதைச் சுற்றுகளுக்கு விடுவது என்பதற்கு நான் வைத்திருப்பது ஒரே கேள்வி: இதைப் பிறகு மாற்றினால் எவ்வளவு நட்டம்? உங்கள் வாடிக்கையாளரின் கம்பெனிக்குள் போய் நின்று பாருங்கள். கட்டிங் மாஸ்டர் துணியை விரித்து அடுக்கும்வரை அளவை மாற்றலாம், மார்க்கரை (துணிமேல் விரிக்கும் வெட்டு வரைபடத்தை) மாற்றலாம், போனில் கத்திக்கொள்ளலாம். வெட்டிய பிறகு யார் கத்தினாலும் துணி ஒட்டாது. மென்பொருளில் வெட்டுக்கத்தி கண்ணுக்குத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் எப்போதும் மாற்றலாம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நானும் நினைத்தேன். கணபதியில் ஒரு பம்புசெட் தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் பத்து வருடம் சுவர் அட்டவணையில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள், மென்பொருளுக்கு வந்ததும் 'இனி கயிறே வேண்டாம்' என்று விடுதலை பெற்ற பூரிப்பில் இருந்தேன். ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு வேலை செய்தபோது, வெட்டிய துணிக் கட்டுகளில் ஒட்டும் பார்கோடு எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்பதை முதலிலேயே முடிவு செய்யவில்லை. போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மூன்றாவது சுற்றில் இரண்டு இலக்கம் கூட்டினோம். எங்களுக்கு அரை நாள் வேலை. அங்கே அதற்குள் ஆயிரக்கணக்கான கட்டுகளில் பழைய ஸ்டிக்கர் ஒட்டித் தையலுக்குப் போயிருந்தது. இரவு இரண்டு மணிக்குச் செக்கிங் பெண்களோடு தரையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் கிழித்தேன். "உங்க கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியாதா?" என்று ஓர் அம்மா கேட்டார். இன்றுவரை அதைவிட நல்ல ஆய்வுக் கூட்டத்தில் நான் கலந்துகொண்டதில்லை.

ஆகவே அந்த 140 பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பிறர் கைக்குப் போய்விடும் விஷயங்களை மட்டும் தனியே எழுதுங்கள். பார்கோடு வடிவம், கணக்கு மென்பொருளோடு இணையும் இடம், பீஸ் ரேட் (உருப்படிக்கு இவ்வளவு கூலி) கணக்கிடும் விதி, பழைய தரவை மாற்றும் நாள், தையல்காரர்களுக்குப் பயிற்சி நாள். ஏழெட்டுதான் தேறும். அவற்றுக்குத் தேதி போட்டுப் பூட்டுங்கள். அந்தத் தேதிகள் முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் சொந்தம். திரை எப்படி இருக்க வேண்டும், எந்த அறிக்கை முதலில் வேண்டும் என்பதெல்லாம் சுற்றுகளுக்குள் போகட்டும்.

நான் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவள். ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு ஒரு போகம் என்று மேலே முடிவாகிவிடும். அணை திறக்கும் நாளை என் அப்பா கேள்வி கேட்டதில்லை. ஆனால் தண்ணீர் வந்த பிறகு எந்தப் பாத்திக்கு முதல் மடை என்பதைக் காலையில் தோட்டத்தைச் சுற்றி வந்த பிறகுதான் சொல்வார். முந்தின நாளே கேட்டால் திட்டுவார்.

திங்கட்கிழமைக்கு வருவோம். சதவீதத்துக்குப் பதிலாக இரண்டைக் காட்டுங்கள். பூட்டிய தேதிகளில் எது தள்ளாடுகிறது என்பது ஒன்று. இந்தச் சுற்றில் ஓடும் நிலைக்கு வந்த திரை இன்னொன்று. அதை முதலாளியையே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் புதிதாக ஒன்று கேட்டால், அதே அளவு வேலையுள்ள ஒன்றைப் பட்டியலிலிருந்து அவரே எடுக்கட்டும். தொகையும் தேதியும் மாறாதபோது இதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த ஏற்பாட்டை ஒரு பக்க இணைப்பாக எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பில் போடும் நாளில் வாய்ச்சொல் யாருக்கும் நினைவிருக்காது.

கேள்வி: ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் நான்; ஆர்டரை முதலிலிருந்து கப்பல் ஏற்றும்வரை பார்த்துக்கொள்வது என் வேலை. டைம் அண்ட் ஆக்‌ஷன் அட்டவணையை (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற பட்டியலை) எத்தனை கவனமாகப் போட்டாலும் பையர் (ஆர்டர் கொடுப்பவர்) நடுவில் நிறத்தை மாற்றுகிறார். அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு அஜைலுக்கு மாறலாமா?
(வாசகி, அவிநாசி)

பதில்: மாற வேண்டாம் அம்மிணி, பாதி அங்கேதான் இருக்கிறீர்கள். லேப் டிப் (சாய மாதிரி), ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) என்று ஒவ்வொன்றாக அனுப்பி, கருத்துக் கேட்டு, திருத்தி அனுப்புவதற்குப் பெயர் என்ன? கப்பல் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணுங்கள். சாயத்துக்கு ஒன்று, கட்டிங்குக்கு ஒன்று என இரண்டு பூட்டு நாட்களை பையருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு மாற்றினால் செலவும் தாமதமும் அவருடையது. நிறம்தான் தகராறு என்றால் நிட்டிங்கை முடித்து, சாயமேற்றாத துணியாகவே முடிந்த மட்டும் வைத்திருங்கள். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டரைப் பின்னி முடித்த பிறகு சாயமேற்றிப் பெயர் வாங்கியதும் இதே காரணத்துக்குத்தான். நூலும் ஜி.எஸ்.எம்.மும் (சதுர மீட்டருக்குத் துணியின் எடை) மாறாத ஆர்டரில்தான் இது நடக்கும்.

கேள்வி: ஒரு கட்டத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்கு இறங்கும் வாட்டர்ஃபால் முறையைக் கண்டுபிடித்தவர் வின்ஸ்டன் ராய்ஸ் என்று படித்தேன். சரியா? ஒரு வேலைக்கு எந்த முறை பொருந்தும் என்று எப்படி முடிவு செய்வது?
(பொறியியல் மாணவர், பெருந்துறை)

பதில்: ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையில் படிப்படியாக இறங்கும் அந்தப் படம் இருக்கிறது. அப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். வாட்டர்ஃபால் என்ற சொல் அந்தக் கட்டுரையில் கிடையாது. படத்தை மட்டும் பார்த்தவர்கள் பெயரும் வைத்துப் பழியும் அவர் தலையில் போட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கு மென்பொருள் வல்லுநர்கள் பேரி போம், ரிச்சர்ட் டர்னர் இருவரும் ஐந்து அளவுகோல்கள் சொன்னார்கள்: குழுவின் அளவு, தவறினால் போவது பணமா உயிரா, தேவைகள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன, ஆட்களின் திறமை, அவர்களுக்கு ஒழுங்கு பிடிக்குமா சுதந்திரம் பிடிக்குமா. தேர்வில் ஐந்தையும் எழுதுங்கள். வேலைக்கு வந்த பிறகு கடைசி இரண்டை முதலில் பாருங்கள்.

கேள்வி: கோபியில் வீடு கட்டுகிறேன். பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன், வீட்டையும் அஜைல் முறையில் கட்டலாம் என்கிறான்.
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: அஸ்திவாரம், தூண், கழிவுநீர்க் குழாய் இவற்றில் அவனை விடாதீர்கள். சுவிட்ச் பலகை, அலமாரி, சமையல் மேடையின் உயரம் இவற்றில் தாராளமாக விடுங்கள். சுவரைக் கொத்தும் முன் சாக்பீஸால் வரைந்து, உங்கள் வீட்டுக்காரம்மாவை அங்கே நிற்க வைத்துக் கை எட்டுகிறதா என்று பாருங்கள். நான்கு முறை அழித்து வரைந்தாலும் நட்டம் ஒரு சாக்பீஸ். கான்கிரீட் போட்ட மறுநாள் மாடிப்படியை இந்தப் பக்கம் மாற்றலாமா என்று மகன் கேட்டால், அன்று ராத்திரி பஸ்ஸுக்கே பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.