அளவெடுக்காமல் தைத்த ரவிக்கை: இயற்கை மருத்துவரை முதல் தடவை பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலையில் க்ளிமிப்பிரைடு, இரண்டு வேளை மெட்ஃபார்மின் போடுகிறார். இப்போது முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. எதிர்வீட்டு அக்கா சொன்னதால் ஓர் இயற்கை மருத்துவ நிலையத்துக்கு போன் செய்தேன். முதல் ஆலோசனைக்கு 800 ரூபாய், பத்து நாள் பேக்கேஜுக்கு 28,000 ரூபாய் என்றார்கள். பாதிப் பணத்தை முன்பே கட்டினால்தான் இடம் உறுதியாம். இங்கிலீஷ் மருத்துவத்தைத் தவிர வேறு எதற்கும் நாங்கள் போனதில்லை. என்ன கேட்க வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும், பணம் கட்டலாமா? (திருச்சி வாசகி)

800 ரூபாயைக் கட்டுங்கள். 14,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள்.

அம்மாவை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை. நாடி பிடிக்கவில்லை, முழங்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை, ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டவில்லை. அதற்குள் அவருக்குப் பத்து நாள் தேவை என்று போன் எடுத்தவருக்கு எப்படித் தெரிந்தது? ஐந்து நாள் போதும் என்றும் இருக்கலாம், இந்தச் சிகிச்சையே அவருக்கு ஒத்துவராது என்றும் இருக்கலாம். அளவெடுக்காமல் தைத்து வைத்த ரவிக்கைக்கு நாம் அட்வான்ஸ் கொடுப்போமா?

அடுத்தது, பார்க்கப் போகிறவர் யார் என்பது. "இயற்கை மருத்துவம்" என்ற பலகைக்குக் கீழே நம் ஊரில் எல்லாரும் உட்கார்ந்துகொள்கிறார்கள். சித்த மருந்து விற்கிறவர், மூலிகைச் சாறு பிழிந்து தருகிறவர், அக்குபஞ்சர் ஹீலர், இரண்டு வார வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர், எல்லாருக்கும் ஒரே பலகைதான். முறையாகப் படித்த இயற்கை மருத்துவரின் பெயருக்குப் பின்னால் பி.என்.ஒய்.எஸ். என்று இருக்கும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு அது. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில், அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்திலேயே இதற்கான அரசுக் கல்லூரி 2000-லிருந்து இயங்குகிறது. பி.எஸ்.எம்.எஸ். என்றால் சித்தா, பி.ஏ.எம்.எஸ். என்றால் ஆயுர்வேதம். அவர்கள் மருந்து கொடுப்பார்கள். இயற்கை மருத்துவம் மருந்தில்லா மருத்துவம். அதனால் இயற்கை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு, முதல் சந்திப்பிலேயே அலமாரியைத் திறந்து நான்கு டப்பாவை மேசையில் வைத்தால், அங்கே நடப்பது வேறு வியாபாரம்.

போன் செய்யும்போதே மருத்துவரின் பெயர், பட்டம், பதிவு எண் மூன்றையும் கேட்டுவிடுங்கள். 2020-இல் வந்த இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் இயற்கை மருத்துவம் வரவில்லை. சித்தா, ஆயுர்வேதம், யுனானிக்கு இருப்பதுபோல் அந்தச் சட்டப்படியான தேசியப் பதிவேடு இதற்கு இல்லை; பெரும்பாலும் மாநிலப் பதிவுதான். அதனாலேயே எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது நம் வேலையாகிவிடுகிறது. படித்தவர் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்.

போகிற அன்றைக்கு என்ன நடக்கும்? பெரும்பாலும் பேச்சுதான். நீங்கள் இதுவரை பார்த்த டாக்டர்கள் ஐந்து நிமிடத்தில் சீட்டுக் கிழித்திருப்பார்கள். இங்கே முக்கால் மணி நேரம் போகும். எத்தனை மணிக்குத் தூங்குகிறார், இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார், மலம் கழிப்பது எப்படி, காபி எத்தனை, உப்பு, ஊறுகாய், அப்பளம், மாடிப்படி ஏறுகிற வீடா என்றெல்லாம் கேட்பார்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். நாக்கை நீட்டச் சொல்வார்கள். 800 ரூபாய்க்கு நீங்கள் வாங்குவது இந்த முக்கால் மணி நேரத்தைத்தான். பத்தே நிமிடத்தில் பேச்சை முடித்து, பேக்கேஜ் அட்டையை நீட்டினால் உங்களுக்குச் சேர வேண்டிய சரக்கு வரவில்லை என்று அர்த்தம்.

கொண்டுபோக வேண்டியவை: கடைசி மூன்று மாத ரத்தப் பரிசோதனைகள், அதில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கண்டிப்பாக இருக்கட்டும். முழங்கால் எக்ஸ்ரே. மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். "வெள்ளை கலர், சின்னது" என்று வாயால் சொல்வதில் பயனில்லை. தளர்வான பருத்தி உடையும் ஒரு துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஏதாவது சிகிச்சை கொடுத்தாலும் கொடுப்பார்கள் என்பதால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன பிறகு போவது நல்லது. அதற்காக அம்மாவை வெறும் வயிற்றில் கூட்டிப்போய்விடாதீர்கள்.

சிகிச்சை என்பது மண்பட்டி, இடுப்புக் குளியல், நீராவிக் குளியல், எண்ணெய் தேய்ப்பு, எனிமா, யோகாசனம், உணவுத் திட்டம் இவைதான். மண்பட்டி என்றால் நனைத்த மண்ணைத் துணியில் பொதிந்து, அடிவயிற்றிலோ மூட்டிலோ இருபது முப்பது நிமிடம் வைப்பது. மண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். தரையிலிருந்து மூன்று நான்கு அடிக்குக் கீழே தோண்டி எடுத்து, வெயிலில் காயவைத்து, சலித்துப் பயன்படுத்த வேண்டும். எனிமா சொன்னால் குழாய் புதியதா, ஒருவருக்கு மட்டுமா என்று கேளுங்கள். பெண்களுக்குப் பெண் சிகிச்சையாளர் இருக்க வேண்டும். அம்மா வயதுப் பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பலன் இருக்குமா என்றால், என் அனுபவத்தில் முழங்காலுக்கு மண்ணும் எண்ணெயும் தருவது சில நாள் சுகம். எடை நான்கு கிலோ குறைந்து, தொடைத் தசைக்குத் தினமும் பயிற்சி கொடுத்தால் கிடைப்பது நீடித்த சுகம். நல்ல மருத்துவர் இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். அதற்கு 28,000 ரூபாய் ஆகாது.

கேள்வி: உறவினர் ஒருவர் போன இடத்தில், "சர்க்கரை மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், மூன்று நாள் சாறு மட்டும் குடியுங்கள்" என்றார்களாம். இப்படிச் செய்யலாமா?

கூடாது. மேலே எழுதிய வாசகியும் இதைப் படித்துவிடுங்கள்.

இதில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. க்ளிமிப்பிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தடாலென இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவது அதனால்தான். மருந்தை நிறுத்திவிட்டுப் பழச்சாறாகக் குடித்தால் ஏறும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் உண்ணாநோன்பு இருந்தால், ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம், அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இளநீரும் பழச்சாறும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தைப் பாதிக்கும். கிரியாட்டினின் தாளைக் கொண்டுபோகச் சொன்னது இதற்குத்தான்.

மாத்திரையைக் குறைக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. எடை குறைந்து, உணவு மாறினால் பலருக்குக் குறைகிறது. ஆனால் அதைக் குறைக்க வேண்டியவர் எழுதிக் கொடுத்த மருத்துவர். நல்ல இயற்கை மருத்துவர், "இந்த உணவுத் திட்டத்தை உங்கள் சர்க்கரை டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்று தாளில் எழுதித் தருவார். ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து எழுதியதே கவனக்குறைவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. தான் படிக்காத முறையில் கைவைப்பது பற்றிய தீர்ப்பு அது.

அப்புறம், "சர்க்கரையை அடியோடு ஒழிக்கிறோம்" என்று நோட்டீஸ் அடிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீரிழிவு, புற்றுநோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவற்றை இன்ன மருந்து குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. எழுபது வருடச் சட்டம். பேருந்து நிலையச் சுவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

கேள்வி: பத்து நாளுக்குப் பணம் கட்டி, இரண்டாம் நாளே நீராவி அறையில் தலைசுற்றி விழுந்தேன். எட்டு நாள் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நோ ரீஃபண்ட் என்று ரசீதிலேயே இருக்கிறது" என்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

ரசீதில் எழுதிவிட்டால் அது சட்டமாகிவிடாது. காசு வாங்கிக்கொண்டு தரும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் சேவை என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ரசீது தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

உங்கள் வழக்கின் பலம் அந்த இரண்டாம் நாளில் இருக்கிறது. நீராவிக்கு முன் ரத்த அழுத்தம் பார்த்தார்களா? தண்ணீர் குடிக்கச் சொல்லி, தலையில் ஈரத்துணி போட்டார்களா? யாராவது கூட நின்றார்களா? இதையெல்லாம் தேதியோடு எழுதி, கணக்கும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

ரசீதில் இன்னொன்றையும் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளில் தரும் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, இயற்கை மருத்துவமும் அந்தப் பட்டியலில் உண்டு. நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அறை வாடகை இருந்தால் அதற்கு மட்டும் உண்டு. மசாஜுக்கும் நீராவிக்கும் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால், உங்களிடம் மருத்துவமனை என்று சொன்னவர் அரசாங்கத்திடம் ஸ்பா என்று சொல்லியிருக்கிறாரோ என்று கேட்க வேண்டியதுதான்.

கேள்வி: மெடிக்கல் இன்ஷூரன்ஸில் ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தா, இயற்கை மருத்துவம் போன்ற முறைகள்) உண்டு என்று போட்டிருக்கிறது. இயற்கை மருத்துவமனையில் தங்கினால் பணம் வருமா?

ஆயுஷ் என்ற வரியைப் படித்தீர்கள், விலக்குகள் பக்கத்தைப் படித்தீர்களா? பாலிசியில் 13-ஆம் எண் விலக்கைப் பாருங்கள். ஹெல்த் ஹைட்ரோ (நீர்ச் சிகிச்சை நிலையம்), நேச்சர் க்யூர் கிளினிக், ஸ்பா போன்ற இடங்களில் பெறும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று அதில் இருக்கும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகம் அது. ஆயுஷ் மருத்துவமனை என்று கணக்கில் வர, குறைந்தது ஐந்து படுக்கை, இருபத்துநான்கு மணி நேரமும் மருத்துவர், சிகிச்சைப் பதிவேடு எல்லாம் வேண்டும். "எல்லாம் கிடைக்கும் சார்" என்று நிலையத்தில் சொல்வதை நம்பிச் சேராதீர்கள். சேரும் முன் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வெறும் ஓய்வுக்காகவும் எடை குறைக்கவும் தங்குவதற்குப் பணம் வரும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: செலவில்லாமல் முதலில் பார்த்துவிட வழி இருக்கிறதா?

இருக்கிறது. சென்னைக்காரர்கள் அரும்பாக்கத்துக்கே போகலாம். மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு தனியாக இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். வரிசையில் நிற்க வேண்டும், துண்டை நீங்களேதான் கொண்டுபோக வேண்டும். ஆனால் அங்கே யாருக்கும் பேக்கேஜ் விற்க வேண்டிய கட்டாயமில்லை. திருச்சி வாசகி அம்மாவை முதலில் இங்கே கூட்டிப்போனால் அந்த 800 ரூபாயும் மிச்சம்.

கேள்வி: காலைத் தண்ணீரில் வைத்தால் உடம்பின் நச்சை உறிஞ்சி எடுக்கும் மெஷின் என்கிறார்கள். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். தண்ணீர் கண் முன்னாலேயே பழுப்பாகிறது. நிஜமா?

தண்ணீர் பழுப்பாவது நிஜம். தொட்டியில் உப்பைப் போட்டு, உள்ளே இரும்புத் தகடு வைத்த கருவியில் மின்சாரம் பாய்ச்சினால் இரும்பு கரைந்து துருப்பிடிக்கும். அந்தத் துருதான் நீங்கள் பார்க்கிற நச்சு.

நானும் ஒரு இடத்தில் 1,500 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. "இது கல்லீரல் கசடு" என்று கரண்டியால் கிளறிக் காட்டினார் அந்தப் பையன். தண்ணீரை மாற்றி, உப்புப் போட்டு, யாரும் காலை வைக்காமல் ஒரு தடவை ஓட விடச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் ஓட விட்டார். அதுவும் அதே டிகாக்‌ஷன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "போன தடவை உங்ககிட்ட இருந்து வந்தது மெஷின்ல மிச்சம் ஒட்டியிருக்கும் சார்" என்றார்.