ஜேகுவெரி 4 வந்ததும் படிவம் நின்றுபோனது. தளத்தையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: கடை இணையதளத்தில் ஜேகுவெரியை (பக்கங்களை இயக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) 3.7-லிருந்து 4-க்கு மாற்றினோம். அதிலிருந்து ஆர்டர் படிவத்தில் 'அனுப்பு' பட்டன் வேலை செய்யவில்லை. '$.ட்ரிம் என்ற ஃபங்ஷன் இல்லை' என்று பிரவுசர் கன்சோலில் (பிழைகளைக் காட்டும் பகுதி) சிவப்பாக வருகிறது. முழுத் தளத்தையும் ரியாக்ட் என்ற வேறொரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் புதிதாக எழுத வேண்டும் என்கிறார் பராமரிப்பாளர். சரிதானா?

பதில்: வேண்டவே வேண்டாம். எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ட்ரிம் (எழுத்தின் இரு முனையிலும் உள்ள வெற்றிடத்தை நீக்குவது), ஐஸ்அரே, பார்ஸ்ஜேசன், நவ் எல்லாம் பழைய பிரவுசர்களில் இல்லாததை ஈடுகட்ட ஜேகுவெரி தந்த உதவிகள். இன்று எல்லா பிரவுசரிலும் அவை இருப்பதால் நீக்கிவிட்டார்கள். திடீரென்றும் அல்ல. பார்ஸ்ஜேசனைக் கைவிடுவதாக 2016-லும் ட்ரிமை 2020-லும் சொல்லியாயிற்று. இன்னமும் $.ட்ரிமையே சொல்லிக்கொடுக்கும் பாடக்குறிப்புகளைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

ட்ரிம் தவிர மற்றவற்றுக்குப் பெயரை மாற்றினால் போதும்: அரே.ஐஸ்அரே, ஜேசன்.பார்ஸ், டேட்.நவ்.

ட்ரிமில்தான் ஆபத்து. பழைய $.ட்ரிம், நல் (காலி மதிப்பு) வந்தாலும் அன்டிஃபைண்ட் (மதிப்பே இல்லை) வந்தாலும் வெற்று எழுத்துச்சரம் தரும், எண்ணையும் எழுத்தாக்கிக்கொள்ளும். பிரவுசரின் ட்ரிம் அப்படியில்லை, பிழை காட்டி நின்றுவிடும். உங்கள் படிவத்தில் 'கூப்பன்' பெட்டி சில பக்கங்களில் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். இல்லாத பக்கத்தில் அதன் மதிப்பைக் கேட்டால் அன்டிஃபைண்ட் வரும், பட்டன் மறுபடி செத்துவிடும். ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு ஒரே மூச்சில் மாற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதச் சொல்லுங்கள்: நல்லோ அன்டிஃபைண்டோ வந்தால் வெற்றுச்சரம், மற்றதை எழுத்துச்சரம் ஆக்கிவிட்டு ட்ரிம்.

'பழைய ஃபங்ஷன்களை மீட்டுத்தரும்' என்று யாராவது ஸ்கிரிப்ட் இணைப்பு தந்தால் தொடாதீர்கள். பழைய பிரவுசர்களுக்கு உதவ ஸ்கிரிப்ட் தந்த பாலிஃபில்.ஐஓ என்ற சேவை கைமாறிய பிறகு, 2024 ஜூனில் அதிலிருந்து தீங்கான கோட் வந்தது அம்பலமானது. அதை இணைத்திருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்! பழைய ஃபங்ஷன்களைக் கண்டு எச்சரிக்க, ஜேகுவெரி குழுவே தரும் மைக்ரேட் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை இறக்கி உங்கள் சர்வரிலேயே வையுங்கள்.

இப்போதைக்கு 3.7.1-க்குத் திரும்புங்கள், படிவம் ஓடட்டும். சோதனைத் தளத்தில் அதனுடன் மைக்ரேட் 3-ஐச் சேருங்கள். சுருக்கப்படாத கோப்பாக இருக்க வேண்டும். சுருக்கிய கோப்பு எச்சரிக்கையே காட்டாது. கன்சோலில் 'ஜேகியூமைக்ரேட்' என்று வரும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் சரிசெய்த பிறகு 4-க்குப் போங்கள். பராமரிப்பாளரிடம் முதலில் அந்த எச்சரிக்கைப் பட்டியலைக் கேளுங்கள், அதை வைத்து மட்டும் கூலி பேசுங்கள்.