பழைய ஜென் காரைத் தாழ்த்தலாமா?

கேள்வி: என்னிடம் 1999-ஆம் ஆண்டு மாருதி ஜென் இருக்கிறது. 40 மில்லிமீட்டர் தாழ்த்த ஆசை. முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?
– கோவை வாசகர்

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். இளவயதில் என் காருக்கு அதைத்தான் செய்தேன். ஒரு வேகத்தடையைத் தாண்டிச் சக்கரம் கீழே தொங்கியபோது, வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் கிண்ணத்தை விட்டு நகர்ந்து சாய்ந்துகொண்டது. அந்த 'டங்' என்ற ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

தாழ்த்துவதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற குட்டை ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய ஷாக் அப்சார்பரோடு குட்டை ஸ்பிரிங்கைப் பூட்டினால் அதன் தண்டு எப்போதும் அடிப்பக்கமாகவே ஓடும். சிறு பள்ளத்திலும் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும்.

40 அதிகம், 25-இல் நிறுத்துங்கள். காரணம், கீழ்க்கை – அதாவது, சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கீழ்த் தண்டு (லோயர் ஆர்ம்). கார் தாழத் தாழ, கீழ்க்கையின் சக்கரப்பக்க முனை மேலே ஏறும். உள்முனையைவிட உயர்ந்துவிட்டால், கடினமான ஸ்பிரிங் போட்டாலும் வளைவுகளில் கார் கூடுதலாகச் சாயக்கூடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, குனிந்து பாருங்கள். கீழ்க்கை கிடைமட்டமாக இருக்கிறதென்றால் அதற்குமேல் இறக்கக் கூடாது.

பிரித்த கையோடு கீழ்க்கை புஷ் (ரப்பர் உறை), பால் ஜாயிண்ட் (கீழ்க்கையைச் சக்கரப் பக்கம் இணைக்கும் பந்து மூட்டு), ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பின்) மேல் பேரிங் மூன்றையும் மாற்றுங்கள். இத்தனை ஆண்டுப் பழைய ரப்பரில் புது ஸ்பிரிங்கைப் பூட்டுவது வீண். பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. பாகங்கள் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.