வாசகர் கேள்வி பதில்: “பாப்பாவை வீட்டில் விட்டுட்டு வாங்க”

கேள்வி: அக்கா, என் மகளுக்கு மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில்தான் இருப்பாள், பேச்சு கொஞ்சம் குழறும். பத்தாவது படிக்கிறாள். அடுத்த மாதம் கொழுந்தனார் மகனுக்குக் கல்யாணம். “பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க, பாப்பாவை யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க” என்கிறார் மாமியார். ஜூலை மாதம் மாற்றுத்திறனாளிகளின் பெருமை மாதம் என்று எங்கோ படித்தேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: முதலில் கல்யாணம். கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் பெருமை. எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர் கருவியை மாட்டிக்கொண்டே வங்கியில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றாயிற்று. கால் சூம்பியிருப்பதில் எனக்கு ஒரு பெருமையும் கிடையாது. இடுப்பு வலிக்கிற நாளில் எரிச்சல்தான் வரும். ஆனால் புடவையை இழுத்து இழுத்துவிட்டுக் காலிப்பரை மறைக்கிற வேலையை எப்போதோ விட்டுவிட்டேன். அதைத்தான் நான் பெருமை என்கிறேன்.

ஜூலைக்குக் காரணம் அமெரிக்கா. 1990 ஜூலை 26 அன்று அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் கையெழுத்தானது. அது சும்மா வரவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில், சட்டம் இழுபறியில் கிடந்தபோது, வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டுப் பலர் தவழ்ந்தே ஏறினார்கள். அவர்களில் ஜெனிஃபர் கீலன் என்ற எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அவளுக்கும் உங்கள் மகளுக்கு இருக்கிற அதே மூளை முடக்குவாதம்தான். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவள் வீட்டில் உட்காரவில்லை. பார்க்கட்டும் என்றுதான் ஏறினாள்.

நம் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. நம் பிள்ளையைக் கண்டதும் யாராவது ஒருவர் “மாரியப்பனைப் பாரும்மா” என்று ஆரம்பிப்பார். மாரியப்பன் தங்கவேலு மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கமும் டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் தாண்டி எடுத்தவர். நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார உங்கள் மகள் பதக்கம் வாங்கத் தேவையில்லை.

மண்டபத்துக்கு இப்போதே போன் போடுங்கள். வாசலில் எத்தனை படி, சாப்பாட்டுக் கூடம் மாடியிலா கீழேயா, லிஃப்ட் ஓடுகிறதா, கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையுமா என்று கேட்டுவிடுங்கள். மேடையில் ஏற்ற முடியாவிட்டால் மணமக்கள் இரண்டு நிமிடம் இறங்கி வந்து போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். புடவையோ பாவாடை தாவணியோ, அவளே எடுக்கட்டும். யாராவது உங்களைப் பார்த்து “பாப்பா பேர் என்ன?” என்றால் நீங்கள் சொல்லாதீர்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டவர் நிற்கட்டும்.

பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மாமியார் மேல் கேஸ் போடச் சொல்லவில்லை, தெரிந்து வைத்திருங்கள். அவரிடம், “சரிங்க அத்தை, அப்ப நானும் பாப்பாகூட வீட்டுலயே இருந்துக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். சீர்த்தட்டு தூக்க ஓர் ஆள் குறைகிறது என்றதும் பேச்சு மாறும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் ஒரு குடும்பம் சாய்தளம் கேட்கிறது. “ஒரு வீட்டுக்காக எதற்கு?” என்கிறார்கள் மற்றவர்கள். கட்டுவதென்றால் எப்படிக் கட்டுவது?
(சங்கச் செயலாளர், மதுரை)

பதில்: பாட்டிக்கும் ஆகும், கேஸ் சிலிண்டருக்கும் ஆகும் என்று சொல்லி ஆளைச் சேர்க்கலாம். எனக்கு அந்த வாதம் அவ்வளவாகப் பிடிக்காது. அந்த ஒரு வீடும் மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டுகிறது. அது போதும்.

கணக்கு சுலபம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். உங்கள் வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி வேண்டும். இடம் இல்லையென்றால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்புங்கள். “கொஞ்சம் செங்குத்தா இருந்தா என்ன?” என்று மேஸ்திரி கேட்பார். விடாதீர்கள், பைக் ஏற்றுகிற சரிவில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். நாலடி அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி, சொரசொரப்பான தரை. பளபள கிரானைட் போட்டால் மழை நாளில் யாரும் இறங்க முடியாது.

கட்டியதும் வேலை முடியாது. மெரினாவில் சக்கர நாற்காலி கடல் பக்கம் வரை போக மரப்பாதை போட்டு 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். உங்களுக்குப் புயலே வேண்டாம். சாய்தளம் தொடங்குகிற இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றால் போதும், வழி அடைபட்டுவிடும். முதல் நாளே சங்கிலி போட்டுவிடுங்கள்.

கேள்வி: வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தோழிக்குப் பார்வை இல்லை. சாலை கடக்கும்போது எப்படி உதவுவது?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: “நானும் கூட வரட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். அவர் கையையோ கோலையோ நீங்கள் பிடித்து இழுக்காதீர்கள். படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். பிரியும்போது “நான் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் பாவம், உங்கள் பஸ் போன பிறகும் அவர் பேசிக்கொண்டிருப்பார்.