முதிராத சென்டரை எடைபோடுவது எப்படி? அவர் செய்யும் ஃபவுல்களிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஆண்டுதோறும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்டுக்கு (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முன் நண்பர்கள் சேர்ந்து எங்களுக்கென ஒரு தரவரிசைப் பட்டியல் தயாரிப்போம். இம்முறை 19 வயதான, ஏழடி உயரமுள்ள ஓர் அமெரிக்கக் கல்லூரி சென்டரை (வளையத்தருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) பற்றி எங்களுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை. ஆட்டத்துக்கு 18 நிமிடம்தான் ஆடுகிறார். அதற்குள் 7 புள்ளி, 2 பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பது), 4 ஃபவுல். ஒருவர் இவரை அடுத்த ரூடி கோபேர் என்கிறார். மற்றவர் அடுத்த ஹஷீம் தபீட் என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்லும் அந்த இருவரையே முதலில் எடுத்துக்கொள்வோம். டிராஃப்ட் நாளில் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தவர்கள் தயங்காமல் தபீட்டைத்தான் எடுத்திருப்பார்கள். தான்சானியாவில் பிறந்த, 7 அடி 3 அங்குல உயரமுள்ள அவர், 2008-09 பருவத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக ஆட்டத்துக்குச் சராசரியாக 13.6 புள்ளி, 10.8 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் தவறிய பந்தைக் கைப்பற்றுவது), 4.2 பிளாக் எடுத்தார். மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணி 2009 டிராஃப்டில் அவரை இரண்டாவது இடத்தில் எடுத்தது. ஜேம்ஸ் ஹார்டன் மூன்றாவதாகவும் ஸ்டெஃபன் கர்ரி ஏழாவதாகவும் போனார்கள். என்.பி.ஏ.வில் தபீட்டின் மொத்தச் சராசரி 2.2 புள்ளியில் நின்றுவிட்டது. கோபேரோ 2013இல் 27ஆவது இடம் வரை காத்திருந்து, டென்வர் அணியால் தேர்வாகி, அன்றே யூட்டா ஜாஸுக்கு மாற்றப்பட்டவர். முதல் பருவத்தில் 45 ஆட்டங்களில் அவருடைய சராசரி 2.3 புள்ளி, ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்கு ஈடாகத் தரப்படும், யாரும் மறிக்காத எறிவு) பாதியைக் கூட உள்ளே போடவில்லை. அவர்தான் பின்னாளில் 2018, 2019, 2021, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரராகத் தேர்வானார். ஆகவே உங்கள் இளைஞரின் 7 புள்ளியையும் 2 பிளாக்கையும் சிறிது நேரம் மறந்துவிடுங்கள். என் கணிப்பில், நீங்கள் எழுதியுள்ள எண்களிலேயே மிகவும் பயனுள்ளது அந்த 4 ஃபவுல்தான்.

18 நிமிடத்துக்கு 4 என்றால் 36 நிமிடத்துக்கு 8. கல்லூரியில் 5 ஃபவுலிலும் என்.பி.ஏ.வில் 6 ஃபவுலிலும் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும் என்பதால், இந்த வேகத்தில் போனால் அவரால் களத்தில் நிலைக்கவே முடியாது. ஆனால் எல்லா ஃபவுலும் ஒன்றல்ல. ஆறு ஆட்டங்களின் காணொளியை எடுத்துக்கொண்டு, பந்தைப் பின்தொடராமல் அவரை மட்டும் பார்த்து, ஒவ்வொரு ஃபவுலும் எதனால் நேர்ந்தது என்று குறித்து வாருங்கள்.

எதிரணி கார்டு (பந்தை நடத்திவரும் சிறிய, வேகமான ஆட்டக்காரர்) உள்ளே புகுவதைக் கவனிக்கத் தாமதித்து, ஓடி வந்து கையை வீசி அடிக்கும் ஃபவுல், ஆட்டத்தைப் படிப்பதில் உள்ள குறை. அனுபவம் வரவர இது குறையும். எறிவது போன்ற பாவனைக்கு ஏமாந்து குதிப்பதும் அப்படியே. கைகளை நேராக உயர்த்தித் தன் இடத்திலேயே செங்குத்தாகக் குதிப்பவர்மீது எதிராளி வந்து மோதினால் விதிப்படி அது ஃபவுல் ஆகாது. நல்ல தடுப்பாட்ட சென்டர்கள் பிழைப்பதே இந்த விதியால்தான். பருவத் தொடக்கமான நவம்பரில் கையைக் கீழ்நோக்கி வீசிக்கொண்டிருந்தவர் அதன் இறுதியான மார்ச்சில் மார்பைக் கொடுத்துக் கையை மேலேயே நிறுத்தக் கற்றிருந்தால், அது எந்தப் பிளாக் எண்ணிக்கையையும் விடப் பெரிய செய்தி. ஸ்கிரீன் போடும்போது (சக ஆட்டக்காரருக்காக எதிராளியின் வழியில் அசையாமல் நின்று மறிப்பது) நகர்ந்துவிடுவதால் வரும் ஃபவுல் வெறும் அவசரம். அதைப் பயிற்சியாளர் ஒரு கோடையில் சரிசெய்துவிடுவார்.

கவலைப்பட வேண்டிய ஃபவுல்கள் காலிலும் இடுப்பிலும் பிறப்பவை. பிக் அண்ட் ரோலில் (எதிரணி சென்டர் தன் கார்டுக்காக ஸ்கிரீன் போட்டுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் உத்தி) தடுக்கும் சென்டர் பின்வாங்கிக்கொண்டே, பந்தோடு வரும் கார்டையும் வளையத்தை நோக்கி ஓடும் எதிரணி சென்டரையும் ஒரே நேரத்தில் மறிக்க வேண்டும். அப்போது இடுப்பைத் திருப்ப முடியாமல், கார்டு தோளருகே கடந்த பிறகு பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறார் என்றால், அது எளிதில் மாறுவதில்லை. ரீபவுண்டுக்காக மோதும்போது அடித்தளம் ஆடிப்போய், முன்னால் நிற்பவரின் முதுகில் ஏறிச் செய்யும் ஃபவுலும் அவ்வகைதான். 19 வயதில் உடல் வலு இன்னும் கூடும் என்பது உண்மை. ஆனால் முழங்காலை மடக்கித் தாழ்வாக நிற்கும் பழக்கம் எடை கூடுவதால் மட்டும் வந்துவிடாது.

தபீட் விஷயத்தில் இந்த எச்சரிக்கை டிராஃப்டுக்கு நான்கு மாதம் முன்பே எல்லோர் கண்ணிலும் பட்டது. 2009 பிப்ரவரி 16 அன்று நாட்டின் முதலிடத்தில் இருந்த கனெக்டிகட்டை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 76-68 என்று வென்ற ஆட்டத்தில், 6 அடி 7 அங்குலம் மட்டுமே உயரமுள்ள டிஹுவான் பிளேர் 22 புள்ளியும் 23 ரீபவுண்டும் எடுத்தார்; எதிரே நின்ற தபீட்டுக்குக் கிடைத்தது 5 புள்ளியும் 4 ரீபவுண்டும். எட்டு அங்குல உயர வேறுபாட்டைத் தாழ்வான இடுப்பும் அகன்ற காலூன்றலும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டன. ஓர் ஆட்டத்தை வைத்து ஒருவரைத் தீர்மானிக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனாலும் என்.பி.ஏ.வில் ஒவ்வோர் இரவும் சந்திக்கப்போகும் உடல்வாகு அப்படிப்பட்டது என்பதால், அந்த ஓர் ஆட்டத்துக்கு நான் மற்ற பத்து ஆட்டங்களின் மதிப்பைத் தருவேன்.

கற்றுத்தர முடியாதவற்றில் உயரத்தை விட முக்கியமானது, நின்றபடியே கையை உயர்த்தினால் எட்டும் அளவு. 2013 டிராஃப்ட் கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் முகாம்) கோபேரின் எட்டும் உயரம் 9 அடி 7 அங்குலமாகவும், விரித்த கைகளின் நீளம் 7 அடி 8.5 அங்குலமாகவும் பதிவாயின. வளையம் இருப்பது 10 அடியில். குதிக்காமலேயே அதற்கு ஐந்து அங்குலம் கீழ்வரை எட்டும் ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் ஈடுகட்ட முடிகிறது. உங்கள் இளைஞரின் கம்பைன் அளவுகள் வெளியாகியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். கூடவே இரண்டாவது குதிப்பையும் கவனியுங்கள்: முதல் முயற்சி தவறிக் கால் தரையைத் தொட்டதும் எவ்வளவு விரைவாக மறுபடி எழுகிறார் என்பது, ஓடிவந்து ஒருமுறை எவ்வளவு உயரம் தாவுகிறார் என்பதை விட ஆட்டத்தில் அதிகம் உதவுகிறது.

தாக்குதலில் நான் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. கைகளை மட்டும் பார்ப்பேன். ஓடிக்கொண்டே வரும்போது கொடுக்கப்படும் பந்தைத் தடுமாறாமல் பிடிக்கிறாரா, பிடித்த பந்தை இடுப்புவரை இறக்கிச் சிறிய கார்டுகள் தட்டிப் பறிக்க விடுகிறாரா, அல்லது தலைக்கு மேலேயே வைத்து முடிக்கிறாரா என்பது போதும். ஃப்ரீ த்ரோ சதவீதத்தைக் கண்டு பயந்துவிட வேண்டாம். டிஆண்ட்ரே ஜோர்டான் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் 43.7 சதவீதம்தான் போட்டார். 2008இல் 35ஆவது இடத்துக்குச் சரிந்தார். 2016இல் லீக்கின் முதல் சிறந்த ஐவர் அணியில் இடம்பிடித்தார். வெளியிலிருந்து எறியும் திறன் வருமா என்று கணிக்க அந்த எண் உதவும். வளையத்தடியில் வாழும் சென்டருக்கு அது கட்டாயத் தகுதி அல்ல.

உடல்நலம் தனி விஷயம். 2007இல் கெவின் டுராண்டுக்கும் முன்னதாக முதலிடத்தில் எடுக்கப்பட்ட கிரெக் ஓடனால், முழங்கால் பாதிப்புகளால் மொத்தம் 105 ஆட்டங்களே ஆட முடிந்தது. ஜோயல் எம்பீட் பாத எலும்பு முறிவால் முதல் இரண்டு பருவங்களையும் இழந்து, பிறகு 2023இல் லீக்கின் மதிப்புமிக்க வீரரானார். முழு மருத்துவ அறிக்கைகளைப் பார்க்கும் வாய்ப்பு அணிகளுக்கே உண்டு. எனவே காலில் பழைய காயம் உள்ளவரை ஒரே இடத்தில் நிறுத்தாமல், இந்த இடத்திலிருந்து அந்த இடம்வரை என்று ஒரு வரம்பாக எழுதுங்கள்.

இனி, எந்த இடத்தில் வைப்பது? டிராஃப்டின் முதல் சுற்றில் எடுக்கப்படுபவரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டு ஊதியம் உறுதி. அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். முதிராத சென்டருக்குத் தேவைப்படும் காலமும் ஏறக்குறைய அதுதான். ஃபவுல்கள் பெரும்பாலும் தாமதத்தால் வந்தவையாக இருந்து, பருவம் போகப்போக அவை குறைந்திருந்தால், நான் இவரை 15க்கும் 25க்கும் இடையில் தயங்காமல் எடுப்பேன். இடுப்பிலும் காலிலும் பிறந்த ஃபவுல்களே மிகுதி என்றால் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளுவேன். கைநீளம் எவ்வளவு கவர்ந்தாலும் முதல் ஐந்துக்குள் வைக்க மாட்டேன்.

இவர் எதிர்த்து ஆடிய அணிகளின் பட்டியலைத் திறந்து, அவற்றுள் மிகக் குட்டையான, ஆனால் மிகப் பருத்த சென்டர் எந்த அணியில் இருந்தார் என்று பாருங்கள். அந்த ஆட்டத்தை முதலில் போடுங்கள். எதிரணி எறிந்து தவறிய ஒவ்வொரு பந்தின்போதும் இவருடைய கால்கள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.