மொட்டைமாடியில சோலார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்க வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட் ஓடுது. சோலார் கம்பெனில இருந்து வந்தவர், 3 கிலோவாட் போட்டாதான் 78,000 ரூபா முழு மானியம் கிடைக்கும், அதனால 3 போடுங்கன்னு சொல்றார். போடலாமா சார்? (மதுரை வாசகி)

மானியத்த கடைசியா பாருங்கம்மா, முதல்ல கரண்ட் பில்லை எடுத்து வைங்க. ஒரு பில் போதாது, ஒரு வருஷத்து ஆறு பில்லும் வேணும், ஏன்னா ஏப்ரல் மே ஏசி பில்லை மட்டும் காட்டுனா எந்தக் கம்பெனியும் பெரிய சிஸ்டம்தான் சொல்லும். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் போட்டா வருஷ சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில குறையும், மாசி பங்குனியில கூடும். அப்படின்னா 2 கிலோவாட்டுக்கு ரெண்டு மாசத்துல சுமார் 480 யூனிட். உங்க 600-ல அதைக் கழிச்சா மிச்சம் 120 யூனிட், அதுல முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். அதாவது இப்ப கிட்டத்தட்ட 2,900 ரூபா கட்டுற இடத்துல சோலாருக்குன்னு வர்ற சின்னக் கட்டணம் போக நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். மூணாவது கிலோவாட் உங்களுக்கு என்ன கூடுதலா மிச்சம் பண்ணிக் குடுக்கும்னு அவர்கிட்டயே கேளுங்க.

மானியக் கணக்கும் அதையேதான் சொல்லுது. 2024 பிப்ரவரில மத்திய அரசு ஆரம்பிச்ச பிஎம் சூர்யகர் திட்டத்துல முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000 மட்டும்தான், அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் 78,000 தாண்டாது. அந்த 18,000-க்காக கைக்காசு இன்னொரு முப்பது நாப்பதாயிரம் போடணுமான்னு யோசிங்க. அடுத்த வருஷம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போறோம், சமையல் இன்டக்‌ஷனுக்கு மாறப் போறோம்னா 3 போடுங்க, தாராளமா போடுங்க. இன்னொண்ணு, மானியம் உங்க பேங்க் அக்கவுண்டுக்குத்தான் நேரா வரும், அதுவும் வர்ற யூனிட், வெளிய போற யூனிட் ரெண்டையும் கணக்கெடுக்குற மீட்டரா மாத்தி ஓட ஆரம்பிச்ச பிறகு. அதனால "மானியம் போக இவ்வளவு"ன்னு எழுதுற கொட்டேஷன வாங்காதீங்க, முழு விலையையும் எழுதித் தரச் சொல்லுங்க, பேனல் இந்தியாவுலயே செஞ்ச செல் போட்டதான்னும் அதுலயே எழுதி வாங்குங்க, இல்லேன்னா மானியம் கிடையாது.

கேள்வி: ரெண்டு மாசத்துக்கு 170, 180 யூனிட்தான் வருது. மாப்பிள்ளை சோலார் போடச் சொல்றார். (திருநெல்வேலி வாசகர்)

வேண்டாம் ஐயா. 100 இலவசம் போக நீங்க கட்டுறது ரெண்டு மாசத்துக்கு 200 ரூபாய்க்குள்ளதான் இருக்கும், மானியம் கழிச்சாலும் போட்ட காசு எடுக்க ரொம்ப ரொம்ப வருஷம் ஆகும். மாப்பிள்ளை வீட்டு பில் எவ்வளவுன்னு கேளுங்க, அங்க 500 யூனிட் தாண்டுதுன்னா அங்கதான் முதல்ல போடணும். 500 தாண்டுனவுடனே கடைசி யூனிட்டெல்லாம் 8 ரூபாய்க்கு மேல போகுது, சோலார் வெட்டுறது முதல்ல அந்த விலை உயர்ந்த யூனிட்டைத்தான்.

கேள்வி: சோலார் போட்டும் பகல்ல கரண்ட் போனா வீட்டுல எல்லாம் நின்னுடுது. ஏமாத்திட்டாங்களா? (தாம்பரம் வாசகர்)

ஏமாத்தல. ஆன்கிரிட் சிஸ்டம், அதாவது பேட்டரி இல்லாம தெரு லைனோட சேர்ந்தே ஓடுறது, அப்படித்தான் வேலை செய்யணும். லைன்ல சப்ளை இல்லைன்னு தெரிஞ்ச உடனே, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற சோலார் இன்வெர்ட்டர் தானா நின்னுடும், நிக்கலேன்னா உங்க மாடி கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், ரிப்பேருக்கு கம்பத்துல ஏறுன லைன்மேன் மேல பாயும். ஆனா இதை போடுறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லாம விக்கிறது தப்பு. கரண்ட் போனாலும் ஓடணும்னா ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும், விலை நல்லா ஏறும். எப்பவாவது ஒரு மணி நேரம் போற ஏரியான்னா வீட்டுல இருக்குற பழைய இன்வெர்ட்டர் பேட்டரியே போதும்.

கேள்வி: ஈரோட்டுல மூணு மாடி துணிக்கடை. வீட்டுக்கு இருக்குற மாதிரி மானியம் எங்களுக்கும் உண்டா? (ஈரோடு வாசகர்)

கடைக்கு மானியம் இல்லண்ணே. ஆனா மானியம் இல்லாமலேயே கட்டுபடியாகுற இடம் கடைதான். உங்களுக்கு யூனிட் 10 ரூபாய்க்கு மேல, லைட்டும் ஏசியும் ஓடுறது பகல்ல, சோலார் வர்றதும் பகல்ல. வர்றத அப்பப்பவே எரிச்சிடணும், அதுதான் முக்கியம், ஏன்னா வெளிய போற யூனிட்டுக்கு கிடைக்கிற ரேட் நீங்க வாங்குற ரேட்டை விட ரொம்பக் கம்மி. அதனால பகல்ல கடையில ஓடுற லோடை ஒரு வாரம் கவனிச்சு அந்த அளவுக்கு மட்டும் போடுங்க, லீவு நாள்ல வீணாப் போறதையும் கணக்குல சேத்துக்கங்க. ஃபிக்ஸட் சார்ஜ் குறையாது, ஜெனரேட் ஆகுற யூனிட்டுக்கு நெட்வொர்க் சார்ஜும், அதாவது லைனை பயன்படுத்துறதுக்கான கட்டணமும் இருக்கலாம், ரெண்டையும் கழிக்காம காட்டுற லாபக் கணக்க நம்பாதீங்க. வருமான வரியில தேய்மானம் 40 சதவீதம் காட்டலாம், ஆடிட்டர்கிட்ட பேசிட்டு எந்த மாசம் போடுறதுன்னு முடிவு பண்ணுங்க.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் சாயங்காலம் ரெண்டு பேனல் மேல மட்டும் விழும். அது பரவாயில்லையா? (பொள்ளாச்சி வாசகி)

ரெண்டுதானேன்னு விடாதீங்க. பேனலெல்லாம் சீரியலா கோத்திருக்கும், கூட்டமா நடக்கும்போது மெதுவா நடக்குறவருக்காக மத்தவங்களும் மெதுவா நடக்குற மாதிரி, நிழல் விழுற பேனல் மொத்த வரிசையையும் இழுத்துடும். மரத்த வெட்டச் சொல்லி சண்டைக்குப் போகாதீங்க, தென்னை வளர்க்குறவங்களுக்கு அது பிள்ளை. பேனலை இடம் மாத்துங்க, இல்ல பேனலுக்குத் தனித்தனி மைக்ரோ இன்வெர்ட்டர் கேளுங்க. காலையில 9 மணி, மத்தியானம், சாயங்காலம் 4 மணின்னு மூணு நேரமும் மாடியில நிழலை போட்டோ எடுத்து வச்சுக்கங்க. வாட்டர் டேங்க் நிழலத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க.

கேள்வி: நாங்க கடற்கரை ஊர். கஜா புயல்ல எங்க தெருவுல ஷீட்டெல்லாம் பறந்துச்சு. பேனல் நிக்குமா? (வேதாரண்யம் வாசகர்)

பேனல் நிக்கும், ஸ்டாண்ட் நிக்குதான்னுதான் பாக்கணும். கீழ துணி காயப்போட, வத்தல் போட இடம் வேணும்னு எட்டடி ஒம்பதடி உயரத்துல ஸ்டாண்ட் கேக்குறாங்க, உங்க ஊருக்கு அது வேண்டாம், உயரம் ஏற ஏற காத்து பிடிக்கும். தாழ்வா, தெக்கு பாத்து, பத்து டிகிரி சாய்வு போதும். இரும்பு நல்லா கால்வனைஸ் பண்ணினதா, அதாவது துத்தநாகப் பூச்சு போட்டதா இருக்கணும், வெறும் பெயிண்ட் அடிச்ச இரும்ப உப்புக்காத்து சீக்கிரமே தின்னுடும். தட்டோடு போட்ட மாடியில நேரா துளை போட விடாதீங்க, ஒழுகும், கான்கிரீட் கட்டை கட்டி அதுல போல்ட்ட பதிக்கச் சொல்லுங்க. எந்தக் காத்து வேகத்துக்கு டிசைன் பண்ணினாங்கன்னு எழுதிக் கேளுங்க, எழுதித் தராதவங்களுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க.